இறவாதார் இறந்த கதை

பாரதப் போரின் பதினைந்தாம் நாளில், துரோணரை வில்லால் வெல்ல வழி காணாத பாண்டவர் ஒரு மரணச் செய்தியையே படைக்கலமாகக் கைக்கொண்டனர். அசுவத்தாமன் என்னும் பெயருடைய யானையொன்றை வீமன் கொன்றான். அசுவத்தாமன் மாண்டான் என்ற கூக்குரல் களமெங்கும் எழுந்தது. துரோணர் அதனை உடனே நம்பிவிடவில்லை. மாண்டவன் தம் மகன்தானோ என்பதை அறியத் தருமனையே நாடினார். பொய் உரையாதவன் என்று பகைவரும் அறிந்தவன் தருமன். அவனோ மாண்டான் என்பதை உரக்கச் சொல்லி, யானை என்பதை மெல்லச் சொன்னான். முதிய ஆசான் வில்லைக் கீழே வைத்தார். அதுகாறும் நிலத்தினின்றும் நான்கு விரற்கிடை உயர்ந்தே ஓடிய தருமனுடைய தேர் அன்று முதல் மண்ணைத் தொட்டு ஓடலாயிற்று என்பது கதை.

வீமன் வாயில் பலியாத பொய் தருமன் வாயில் பலித்தது. பொய்ச் செய்திக்கு வலிமை தருவது அச்செய்தியன்று. சொல்பவர்மீது கேட்பவர் வைத்திருக்கும் நம்பிக்கையே. அப்பொய்யினால் இறுதியிற் சேதமுறுவதும் அந்த நம்பிக்கையே. பத்திரிகையும் தந்தியும் வானொலியும் உலகிற் பரவிய பின்னர், புகழ்பெற்றோர் உயிரோடிருக்கையிலேயே அவர் இறந்தார் என்ற செய்தி பலமுறை வெளிவந்திருக்கின்றது. அவற்றுட் சிலவற்றை வரிசையாக நோக்கின், பழைய கதை கூறும் உண்மையே வரலாற்றிலும் விளங்கக் காணலாம்.

1814ஆம் ஆண்டு பெப்ரவரி 21ஆந் திகதி. ஐரோப்பிய அரசுகள் நெப்போலியனோடு பொருது கொண்டிருந்த காலம். இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தில், பொழுது புலர்வதற்கு நெடுநேரம் முன்னரே, செந்நிறச் சீருடை அணிந்த ஒருவர் விடுதியொன்றின் கதவைத் தட்டினார். தாம் ஒரு படை அதிகாரி என்றும், நெப்போலியன் கொசாக்குக் குதிரை வீரர் கையில் மடிந்தான் என்றும், நேச நாட்டுப் படைகள் பாரிஸ் நகரைக் கைப்பற்றின என்றும் அவர் கூறினார். அண்மையிலிருந்த கடற்படைத் தளபதிக்கும் கடிதம் எழுதினார். மேட்டுக்கு மேடு சைகை காட்டிச் செய்தி அனுப்பும் தந்தி முறை அக்காலத்தில் இருந்தது. அதன் வழியாகத் தளபதி இலண்டனுக்குச் செய்தி அனுப்புவார் என்பது அவர் எண்ணம். அன்று மூடுபனி கவிந்திருந்தமையால் அது கைகூடவில்லை. ஆயினும் அவர் தாமே வண்டியேறி, வழியெல்லாம் அச்செய்தியைப் பரப்பிக்கொண்டு தலைநகரை அடைந்தார்.

காலையிற் பங்குச் சந்தை திறந்தபோது 27½ என்ற விலையில் இருந்த அரசாங்கக் கடன் பத்திரங்கள் 30 இற்கு மேல் ஏறின. அரசாங்கத்திடமிருந்து உறுதிச் செய்தி வாராமையால் விலை தளரத் தொடங்கியவேளை, பிரெஞ்சு அதிகாரிகள் போன்று உடையணிந்த மூவர், இலைமாலை சூட்டிய வண்டியில் நகரினூடே வந்து வெற்றி அறிவிப்புகளை வீசிச் சென்றனர். விலை மறுபடியும் ஏறிற்று. மாலைக்குள் பொய் வெளிப்பட்டது. முன்னரே பத்திரங்களை வாங்கி வைத்திருந்த சிலர் அதற்குள் விற்று முடித்துவிட்டனர். சீருடை அணிந்து வந்தவர் டி பெரெஞ்சர் என்பவர் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புகழ்பெற்ற கடற்படை வீரர் கொக்ரேன் பிரபுவும் உடந்தையாளர் எனத் தண்டிக்கப்பட்டார். தாம் குற்றமற்றவர் என்று அவர் வாழ்நாள் முழுதும் வாதாடினார். 1832 இல் மன்னிப்புப் பெற்று மீண்டும் கடற்படையிற் சேர்ந்தார். நெப்போலியனோ 1821ஆம் ஆண்டு மே 5ஆந் திகதியே சென் எலேனாத் தீவில் உயிர் நீத்தான். அந்த மெய்ச் செய்தி இலண்டனை அடைய ஏறத்தாழ இரண்டு மாதம் சென்றது. பொய் டோவரிலிருந்து ஒரே இரவில் வந்து சேர்ந்தது.

இங்கே பொய்யைப் படைத்தவர்க்குப் பொருளாசை இருந்தது. அவர்கள் அதற்கு அணிவித்ததோ படை அதிகாரியின் சீருடை. உலகம் எதனை நம்புமென்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஆனால், எவருடைய சூழ்ச்சியும் இன்றியே பொய்ச் சாவு பிறப்பதும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ருவெயின் 1897 இல் இலண்டனில் வாழ்ந்து வந்தார். கிளெமன்ஸ் என்பது அவருடைய இயற்பெயர். அப்பெயர் தாங்கிய உறவினர் ஒருவர் அதே நகரத்தில் நோயுற்றுக் கிடந்தார். பெயரொற்றுமை வதந்திக்கு வித்தாயிற்று. எழுத்தாளர் சாகக் கிடக்கிறார் என்றும், இறந்தே போனார் என்றும் பேச்சு எழுந்தது. நியூயோர்க் பத்திரிகையொன்றின் நிருபர் அவரையே அணுகி வினவினார். நோயுற்றவர் தம் உறவினர் என்பதை விளக்கிய ருவெயின், தம் மரணத்தைப் பற்றிய செய்தி மிகைப்படக் கூறியதாகும் என்று எழுதிக் கொடுத்தார். அவ்வாக்கியமும் பின்னர் வாய்க்கு வாய் மாறி, அவர் எழுதாத சொற்களையும் ஏற்றுக்கொண்டு உலகெங்கும் வழங்கி வருகின்றது. அவர் அதற்குப் பின் 1910 வரை வாழ்ந்தார். ஒரு நிருபர் உரிய இடத்திற் சென்று கேட்டமையால் இது நகைச்சுவையோடு முடிந்தது. சென்று கேட்கும் வழி அடைபட்ட இடத்தில் யாது நிகழும் என்பதைச் சில ஆண்டுகளில் உலகம் கண்டது.

1900ஆம் ஆண்டு யூன் மாதம் 20ஆந் திகதி முதல், சீனத் தலைநகராகிய பீக்கிங்கில் இருந்த அயல்நாட்டுத் தூதரகங்கள் முற்றுகைக்கு உள்ளாயின. பொக்சர் எனப்பட்ட கிளர்ச்சியாளரோடு அரச படையினரும் சேர்ந்துகொண்டனர். வெளிநாட்டினர் ஏறத்தாழ 900 பேரும், சீனக் கிறித்தவர் ஏறத்தாழ 3,000 பேரும் உள்ளே அடைபட்டனர். தந்திக் கம்பிகள் அறுந்து கிடந்தன. உள்ளே என்ன நிகழ்கின்றது என்பதை வெளியுலகம் அறியக்கூடவில்லை. ஆனால், நாள்தோறும் செய்தித்தாள் வெளிவர வேண்டியிருந்தது. நாள்தோறும் மக்கள் செய்தி கேட்டனர். யூலை 16ஆந் திகதி இலண்டன் டெய்லி மெயில் பத்திரிகை, சங்காயிலிருந்து வந்ததாகக் கூறி ஒரு நீண்ட செய்தியை வெளியிட்டது. தூதரகங்கள் வீழ்ந்தன என்றும், ஆண் பெண் குழந்தை என்ற வேறுபாடின்றி அனைவரும் கொல்லப்பட்டனர் என்றும், இறுதிப் போர் எவ்வாறு நிகழ்ந்தது என்றும் கண்ணாற் கண்டவர் கூறுவதுபோல் அது விரித்துரைத்தது.

மறுநாள் ரைம்ஸ் பத்திரிகை, பிரித்தானியத் தூதர் சேர் குளோட் மக்டொனால்ட், சீனச் சுங்கப் பகுதியின் தலைவர் சேர் றொபேட் ஹார்ட், தன் சொந்த நிருபர் ஜோர்ஜ் மொறிசன் ஆகிய மூவருக்கும் இரங்கலுரை எழுதிற்று. சென் போல்ஸ் பேராலயத்தில் நினைவு வழிபாட்டிற்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. மூவரும் அன்று உயிரோடிருந்தனர். மொறிசன் யூலை 16ஆந் திகதி காயமுற்றுப் படுக்கையில் இருந்தார் என்பது மெய். தம் பத்திரிகையே தம்மைப் புகழ்ந்து விடைகொடுத்து அனுப்பிய செய்தியை அவர் முற்றுகை நீங்கிய பின்னரே அறிந்தார். அவர் 1920 வரையும், ஹார்ட் 1911 வரையும் வாழ்ந்தனர்.

இதன் தொடர்ச்சி மேலும் கருதத்தக்கது. யூலை மாதத்தின் பிற்பகுதியில், தாங்கள் உயிரோடிருக்கின்றோம், உதவி வேண்டும் என்று அமெரிக்கத் தூதர் கொங்கர் இரகசியக் குறியீட்டில் விடுத்த செய்தி வாஷிங்டனை எட்டியது. பலர் அதனைப் போலி என்று ஐயுற்றனர். இறந்தவர் எவ்வாறு எழுதுவார் என்பதே அவர்தம் ஐயம். படுகொலையென்ற பொய்யை எளிதில் ஏற்ற உலகம், உயிர் உள்ளது என்ற உண்மையை ஏற்கச் சான்று கேட்டது. ஓகஸ்ட் 14ஆந் திகதி நேசப் படைகள் பீக்கிங்கிற் புகுந்தபோதுதான் ஐயம் முற்றாக ஒழிந்தது. பொய்ச் செய்தியின் பெருந்தீங்கு இதுவே. அது தானும் நம்பப்பட்டு, தனக்குப் பின் வரும் மெய்யையும் நம்பவிடாமற் செய்கின்றது.

இவ்வுண்மையை மிகத் தெளிவாகக் காட்டுவது சுபாஷ் சந்திர போஸ் அவர்களின் வரலாறு. 1941ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கல்கத்தாவில் வீட்டுக் காவலிலிருந்து தப்பிய போஸ், ஆப்கானிஸ்தான் வழியாகச் சென்று ஏப்ரல் மாதத்தில் பேர்லின் நகரை அடைந்தார். ஓராண்டு காலம் அவர் இருக்குமிடம் பலருக்கும் மறைபொருளாகவே இருந்தது. 1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்த சில நாட்களின் பின்னர், ஆசாத் ஹிந்து வானொலியில் தம் பெயரைச் சொல்லிப் பேசினார். அடுத்த மாதத்தின் இறுதியில், டோக்கியோ மாநாடு ஒன்றிற்குச் செல்லும் வழியில் விமான விபத்தில் அவர் இறந்தார் என்ற செய்தியைப் பிரித்தானியச் செய்தி நிறுவனங்கள் உலகெங்கும் அனுப்பின.

அச்செய்தி முழுதும் கற்பனையன்று. டோக்கியோவில் இந்தியர் மாநாடு கூட இருந்ததும், அதற்குச் சென்ற விமானமொன்று விபத்துக்குள்ளானதும் உண்மை. சுவாமி சத்தியானந்த புரி, ஞானி பிரீதம் சிங், கப்டன் முகம்மது அக்ரம், மலாயாவைச் சேர்ந்த நீலகண்ட ஐயர் ஆகிய நால்வர் அதில் உயிரிழந்தனர். தாய்லாந்திலும் மலாயாவிலும் வாழ்ந்த இந்தியரை விடுதலைப் பணியில் ஒன்று திரட்டியவர்கள் அவர்கள். ஆனால், பேர்லினில் இருந்த ஒருவருடைய பெயர் அவ்விபத்தின்மேல் ஏறிற்று. போஸ் இறந்தார் என்று உலகம் பேசிற்று. பின்னர் போஸ் இறக்கவில்லை என்று பேசிற்று. மெய்யாகவே இறந்த நால்வரையும் பற்றிப் பேசியவர் சிலரே. பொய்ச் செய்தி உயிருள்ளவரை இறந்தவராக்கியதோடு நில்லாமல், இறந்தவர்க்கு உரிய இரங்கலையும் கவர்ந்துகொண்டது.

கிரிப்ஸ் தூதுக்குழு இந்தியாவில் இருந்த நேரம் அது. போஸோடு கொள்கையில் மாறுபட்டிருந்த காந்தியடிகள், மகனை இழந்தார் எனக் கருதிய அன்னை பிரபாவதி அம்மையாருக்கு இரங்கல் தந்தி அனுப்பினார். நாடு முழுவதும் அன்னையோடு சேர்ந்து துயருறுவதாக அதில் தெரிவித்தார். செய்தி பொய்யென்று தெரிந்ததும், இறைவனுக்கு நன்றி கூறி வாழ்த்துத் தந்தியும் அனுப்பினார். ஒரு முதிய தாய் சில நாட்களுள் மகனை இழந்தும் மறுபடி பெற்றும் பட்ட வேதனைக்கு எந்த நிறுவனமும் ஈடு செய்யக்கூடியதன்று. போஸ் ஆசாத் ஹிந்து வானொலியிலேயே மீண்டும் தோன்றி, தாம் உயிரோடிருப்பதைத் தம் குரலாலேயே உணர்த்தினார். இறந்தார் என்று கூறப்பட்டவர், மறுப்பைப் பிறர் எழுத விடாது, கடல் கடந்து தம் நாட்டாரின் செவியில் நேரே ஒலித்தது வானொலி வரலாற்றில் நினைவுகூரத்தக்க நிகழ்ச்சியாகும்.

மூன்றரை ஆண்டு கழிந்தது. 1945ஆம் ஆண்டு ஓகஸ்ட் 23ஆந் திகதி யப்பானியச் செய்தி நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஓகஸ்ட் 18ஆந் திகதி தாய்வானில் தாய்ப்பேய் நகரில் விமானம் விபத்துக்குள்ளாகி, தீப்புண்பட்ட போஸ் மருத்துவமனையில் உயிர் நீத்தார் என்பது அதன் சாரம். மறுபடியும் ஒரு விமானம். மறுபடியும் ஒரு விபத்து. மறுபடியும் அதே பெயர். இம்முறை உலகம் நம்ப மறுத்தது. இந்திய அரசப்பிரதிநிதி வேவல் பிரபுவே இது மெய்தானோ என்று தம் நாட்குறிப்பில் ஐயுற்று எழுதினார். காந்தியடிகளும் போஸ் உயிரோடிருப்பதாகத் தாம் உணர்வதாகக் கூறினார். அச்சொல் நாடெங்கும் நம்பிக்கையை மூட்டிற்று. பின்னர் சான்றுகளை ஆராய்ந்த அவர், 1946 இல் ஹரிஜன் இதழில் தம் மனமாற்றத்தை வெளிப்படையாக எழுதினார். முன்னொருமுறை போஸ் இறந்தார் என்று பத்திரிகைகளில் வந்ததைத் தாம் நம்பியதையும், அது பொய்யாய்ப் போனதையும், அது முதல் அவர் விடுதலை காணாது மறையார் என்ற உணர்வு தமக்கு ஏற்பட்டதையும் அவர் அதில் விளக்கினார். தாம் முன்பு சொன்னதை மறந்து, சான்றுகளை ஏற்று, போஸ் மறைந்தார் என்பதை ஒப்புக்கொள்ளுமாறு மக்களை வேண்டினார்.

காந்தியடிகள் தம் ஐயத்தினின்றும் மீண்டார், எல்லாரும் மீளவில்லை. தமிழ்நாட்டிலே பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் போஸ் உயிரோடிருக்கிறார் என்று பல்லாண்டு உறுதியாகக் கூறிவந்தார். இந்திய அரசாங்கம் 1956 இல் ஒரு குழுவையும், 1970 இலும் 1999 இலும் விசாரணை ஆணைக்குழுக்களையும் அமைத்தது. முதலிரண்டும் அவர் விமான விபத்திலேயே இறந்தார் என முடிவு கூறின. மூன்றாவது ஆணைக்குழு அதனை மறுத்தது. அம்மறுப்பை அரசாங்கம் ஏற்கவில்லை. இத்தனை நீண்ட ஐயத்திற்கு 1942 இன் பொய்ச் செய்தி ஒன்றே காரணம் என்பது பொருந்தாது. போர்க்காலக் குழப்பமும், மக்கள் அவர்மீது கொண்ட பேரன்பும், முன்னர் அவர் மறைந்து தோன்றிய வரலாறும் சேர்ந்தே அதனை வளர்த்தன. எனினும், ஒருமுறை பொய்யாகச் சொல்லப்பட்ட சாவு, மறுமுறை வந்த சாவுச் செய்தியின் வலிமையைக் குறைத்தது என்பதற்குக் காந்தியடிகளின் எழுத்தே சான்று.

போர்க்காலத்திலேதான் இத்தகைய தவறு நிகழும் என்று கருதலாகாது. 1979ஆம் ஆண்டு மார்ச் 22ஆந் திகதி, பம்பாயில் ஜஸ்லோக் மருத்துவமனையில் சிறுநீரக நோயாற் படுத்திருந்த ஜயப்பிரகாஷ் நாராயணன் இறந்துவிட்டார் என்ற தகவல் டில்லியை எட்டியது. அன்றைய பிரதமர் மொரார்ஜி தேசாய் அதனை நாடாளுமன்றத்தில் அறிவித்தார். உறுப்பினர் அஞ்சலி செலுத்தினர், சபை ஒத்திவைக்கப்பட்டது. அகில இந்திய வானொலி அச்செய்தியை நாடெங்கும் பரப்பிற்று. ஜயப்பிரகாஷரோ மருத்துவமனையில் உயிரோடிருந்தார். சில மணி நேரத்துள் மறுப்பு வந்தது. அவர் பின்னர் அதே ஆண்டு ஒக்டோபர் 8ஆந் திகதி பட்னாவில் மெய்யாகவே மறைந்தார்.

இந்நிகழ்ச்சியிற் பொருளாசையில்லை, பகைமையில்லை, அறுந்த தந்திக் கம்பியும் இல்லை. டில்லிக்கும் பம்பாய்க்கும் இடையே தொலைபேசி இருந்தது. ஆயினும் நோயாளியின் கட்டிலருகே நின்றவரைக் கேட்க வேண்டிய கேள்வி உரிய நேரத்திற் கேட்கப்படவில்லை. பிரதமர் சொன்னார் என்று வானொலி நம்பிற்று. வானொலி சொல்லிற்று என்று நாடு நம்பிற்று. துரோணர் தருமனை நம்பியதும் இவ்வாறே. மேலிடத்திலிருந்து வரும் செய்தி ஆராயாமலே ஏற்கப்படுவதால், அங்கு நேரும் பிழை ஏனைய பிழைகளினும் விரைந்து ஓடுகின்றது.

பெரியோர் வாழும்போதே அவருக்கான இரங்கலுரையை எழுதி வைத்தல் செய்தி நிலையங்களின் நெடுநாள் வழக்கம். ஒருவர் மறைந்த நாழிகையிலேயே அவர் வரலாற்றைப் பிழையின்றித் தருவதற்கு அது உதவுகின்றது. ஆனால், அவ்வழக்கமும் காவல் தவறின் இடராகும். 2020ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பிரெஞ்சு சர்வதேச வானொலி தன் இணையத்தளத்தைப் புதுமுறைக்கு மாற்றியவேளை, ஆயத்தமாக இருந்த ஏறத்தாழ நூறு இரங்கலுரைகள் தவறுதலாக வெளியாகின. இரண்டாம் எலிசபெத் மகாராணியார், காற்பந்து வீரர் பெலே முதலியோர் அதில் அடங்குவர். இருவரும் 2022 இலேதான் மறைந்தனர். நிலையம் தவற்றை உடனே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

இந்நிகழ்ச்சிகளிற் காரணங்கள் வெவ்வேறு: ஒன்றில் வஞ்சகம், ஒன்றிற் பெயர் மயக்கம், ஒன்றிற் செய்தி இருள், ஒன்றில் மேலிடத்தின்மேல் வைத்த மிகை நம்பிக்கை, ஒன்றில் இயந்திரப் பிழை. ஆயினும் இவை அனைத்திலும் பொதுவானது ஒன்றுண்டு. அறிந்தவரைக் கேட்டு உறுதி செய்யுமுன் செய்தி வெளிவந்துவிட்டது. முந்திச் சொன்னவர்க்குச் சில நாழிகைப் புகழ் உண்டு; பிந்திச் சொன்னவர்க்குச் சில நாழிகை இழுக்கு உண்டு. அந்நாழிகைகள் கழிந்த பின் எவர் முந்தினார் என்பதை எவரும் நினைப்பதில்லை. எவர் பொய் சொன்னார் என்பதையோ நெடுங்காலம் நினைவிற் கொள்வர்.

ஆகவே, ஒருவர் இறந்தார் என்று சொல்லுமுன் மருத்துவரையோ குடும்பத்தாரையோ கேட்டறிதலும், ஒரே வாயிலிருந்து புறப்பட்டுப் பலவாய்த் தோன்றும் செய்தியைப் பலவெனக் கொள்ளாமையும், தவறு நேரின் அதனை அதே உரத்த குரலில் ஒப்புக்கொள்ளுதலும் செய்தி தருவோர்க்குரிய அறமாகும். ருவெயினைப் போன்ற ஒருவர் தம் பொய்ச் சாவைக் கேட்டு நகைக்கலாம். நகைக்கவியலாதவர்கள் அவர்தம் தாயாரும், மெய்யாக இறந்தும் மறக்கப்பட்டவரும், இனிமேல் எதனை நம்புவது என்று திகைக்கும் மக்களுமே.

இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் செய்தி அனுப்புவோராகியுள்ளனர். அதனால் தருமனுக்கு நேர்ந்த சோதனை எல்லார்க்கும் வந்துள்ளது. அவன் சொன்ன பொய் மிகச் சிறியது. ஒரு சொல்லைத் தாழ்ந்த குரலில் சொன்னதே அவன் செய்த குற்றம். மண்ணைத் தொட்ட அவன் தேர் மீண்டும் மேலெழுந்தது என்று கதை கூறவில்லை.